கயிறு வாசித்தவர்கள்

என் அலமாரியில் ஓர் இசைத்தட்டு ஆல்பம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆல்பம் பார்ப்பதற்குக் கல்யாண ஆல்பம் போலவேதான் இருக்கும். கெட்டி அட்டை, உள்ளே தடித்த காகித உறைகள், உறைக்கு ஒன்றாக மூன்று கறுப்புத் தட்டுகள். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அவ்வளவுதான். அட்டையின் உள்பக்கத்தில் வாசித்தவர்கள் பட்டியல். கிளாரினெட், தப்ஸ், ஆர்மோனியம், அம்பா என்று ஆளுக்கொரு வரியாக வந்து, கடைசியில் "கயிறு" என்று போட்டு இரண்டு பேர் பெயர் இருக்கும். பழைய தட்டு சேகரிக்கிறேன் என்று வருகிற பிள்ளைகள் எல்லாரும் அந்த வரியில் வந்து நின்றுவிடுவார்கள். போன மாதம் வந்தவன், அது வழக்கொழிந்துபோன நரம்பு வாத்தியமா என்று பயபக்தியோடு கேட்டான். நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. கயிறு என்றால் கயிறுதான், தம்பி. தேங்காய் நார்க் கயிறு. அதைச் சொல்லவேண்டுமானால் எங்கள் அம்பாக்காரரைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அந்தப் பட்டியலில் ஆர்மோனியம் நான். அப்போது காரைக்காலில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிப்பேன். கிளாரினெட் என் சித்தப்பா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் போலீஸ் பேண்டில் இருந்தவர். வெள்ளைக்காரன் கப்பலேறினதும் பேண்டைக் கலைத்தார்கள். சட்டையையும் தொப்பியையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். கிளாரினெட் அவருடைய சொந்தப் பொருள் என்பதால் தப்பித்தது. தலத்தெருவில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காலையிலும் மாலையிலும் பழைய மார்ச் மெட்டுகளை ஊதுவார். அடுத்த வீட்டு மாடு பால் கறக்க மறுக்கிறது என்று புகார் வந்தது. அது நிஜமோ என்னவோ, சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தார்.

அங்கேதான் அம்பாவைக் கேட்டார். கரைவலை இழுக்கும்போது ஒருவர் முன்னடி எடுத்துப் பாடுவார், கயிற்றைப் பிடித்திருக்கிற மற்றவர்கள் ஏலேலோ என்று பதில் சொல்லி ஒரே மூச்சாக இழுப்பார்கள். அதுதான் அம்பா. சித்தப்பா ஊதிய மார்ச்சும் அவர்கள் நடந்த நடையும் ஒரு நாள் ஒன்றாக விழுந்துவிட்டன. இரண்டு நாள் கழித்து, கடைவீதியில் ரேடியோவும் இசைத்தட்டும் விற்கிற நானா, மீன் வாங்கப் போன இடத்தில் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் தப்ஸை எடுத்துவந்தார். நிக்காஹ் ஊர்வலங்களில் அதைத் தட்டிப் பாடுவதில் அவருக்குப் பெயர். மூன்று பேரும் மூன்று சுருதியில் கத்துவதைப் பொறுக்கமுடியாமல் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். ஆர்மோனியம் இருந்தால் எல்லாரையும் ஒரு கட்டையில் கட்டிவைக்கலாம் என்றார். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கல்யாணமாகாத பெண், கடற்கரையில் ஆம்பளைகளோடு என்ன பாட்டு என்று அவளுக்கு.

ஊர் எங்களுக்கு வைத்த பெயர் கூட்டாஞ்சோற்றுக் கச்சேரி. சித்தப்பா "அன், தெ, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணித் தொடங்கிவைப்பார். நானாவின் தப்ஸ் கல்யாண நடையில் வரும். என் விரல்கள் பாதி நேரம் கோயில் பாட்டிலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அம்பாக்காரரின் குரல். முதல் தடவை கேட்பவர்களுக்கு இது என்ன கண்றாவி என்று இருக்கும். இரண்டாவது நிமிஷத்தில் கால் தானாக ஆடும். கேலி செய்தவர்களே தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள் என்பதை நான் சொல்லாமல் விடப்போவதில்லை.

அம்பாக்காரருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். உயரமில்லை, ஆனால் தோள் கதவு அகலம். அதிகம் பேசமாட்டார். பேசும்போது தரையைப் பார்த்து மெதுவாகப் பேசுவார். அந்த வாயிலிருந்தா அந்தக் குரல் வருகிறது என்று யாருக்கும் சந்தேகம் வரும். காற்று எதிரே அடித்தாலும் அந்தக் குரல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். கரையில் நின்று அவர் எடுத்தால் மூன்றாவது படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். பாட்டில் சொற்கள் நிலையாக நிற்காது. இன்றைக்கு ஒரு மீன் வரும், நாளைக்கு வேறு மீன் வரும், எதிரே நிற்பவனுடைய மாமியார் வீட்டுக் கதைகூட நடுவில் வந்துவிடும். எனக்குத் தாளமும் சுருதியும்தான் காதில் ஏறும். சொல்லை நான் கவனித்ததே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்டுவதற்கு வேண்டியிருக்கும்.

நானாவின் கடைக்கு ஆர்டர் எடுக்க வருகிற கம்பெனி ஏஜென்ட் ஒரு கல்யாணத்தில் எங்களைக் கேட்டார். அவர் போய்ச் சொல்ல, மதராஸிலிருந்து கடிதம் வந்தது. மூன்று தட்டு, ஆறு பக்கம், ஆல்பமாகப் போடலாம், இன்ன தேதிக்கு வாருங்கள் என்று. சித்தப்பா அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஆறு மாதம் ஒத்திகை பார்த்தோம். காரைக்கால்மேட்டில் வலை பழுதுபார்க்கும் கொட்டகைதான் எங்கள் இடம். அம்பாக்காரர் கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, நூலை இழுத்து இழுத்துப் பின்னிக்கொண்டே பாடுவார். எதிரே ஒரு முக்காலியில் ஆர்மோனியத்தோடு நான். ஆறு பக்கத்தில் நான்கில் அவர் குரல். ஒரு தடவைகூட அவர் தவறவிட்டதில்லை.

ரயிலேறி, பேரளத்தில் மாறி, மாயவரத்தில் மாறி எழும்பூர் போய் இறங்கினோம். ஸ்டூடியோவில் சுவரெல்லாம் கனத்த திரை, தரையில் ஜமுக்காளம், நடுவில் மேலேயிருந்து தொங்கும் மைக். வாத்தியம் மட்டும் உள்ள இரண்டு பக்கங்களைக் காலையில் முடித்தோம். சித்தப்பா ஊதியதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இன்ஜினியர் தலையாட்டி ரசித்தார். பிறகு அம்பாக்காரரை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அசையக்கூடாது, சட்டை உரசினால்கூட மைக்கில் விழும், கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள் என்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சித்தப்பா விரலால் எண்ணினார். அம்பாக்காரர் வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை என்று சொல்லமுடியாது. வந்தது. ஆனால் அது காய்ச்சல்காரனின் முனகல் போல இருந்தது. இரண்டாம் தடவை நடுவில் நின்றுவிட்டார். மூன்றாம் தடவை சுருதியை விட்டே இறங்கிவிட்டார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மெழுகுத் தட்டு வீணாகிறது என்று உள்ளேயிருந்து சொன்னார்கள். ஆறு தடவை ஆயிற்று. வேர்த்துக் கொட்ட, தன் கைகளை ஏதோ அந்நியப் பொருள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். கடல் நடுவே காற்று திரும்பினபோதெல்லாம் கலங்காத ஆள் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்லுவார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேனேஜர் நல்ல மாதிரிதான். கோபப்படவில்லை. கம்பெனியின் சொந்தப் பாடகர் ஒருவர் இருக்கிறார், சங்கீதம் தெரிந்தவர், பாட்டை எழுதிக் கொடுத்தால் அரைமணியில் பாடம் பண்ணிவிடுவார் என்றார். இல்லாவிட்டால் ஆல்பமே இல்லை, வண்டிச்சத்தம் தந்து அனுப்பிவைக்கிறோம் என்றார். பட்டு ஜிப்பாவோடு அந்தப் பாடகர் ஐயாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். நானா தப்ஸை உறையில் போட்டு, வாங்க போவோம் என்று எழுந்தார். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் என் பக்கம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். சித்தப்பாவுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தட்டில் என் பெயர் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு. தலத்தெருவில் என்னைப் பார்த்து முகம் சுளித்த அத்தனை பேரும் அதைப் படிக்கவேண்டும் என்ற ஆசை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் விழிப்பதைப் பார்த்து, அம்பாக்காரரே என் அருகில் வந்து குந்தினார்.

"பாட்டு ஊரோடது, டீச்சரம்மா. யாரு பாடுனா என்ன. எழுதிக்கிடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சொல்வதெழுதுதல் என் சொந்த ராஜ்ஜியம். ஒவ்வொரு வரியையும் பிள்ளைகளுக்குச் செய்வது போல இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டினேன். அவர் சரிதான், சரிதான் என்றார்.

கெழக்கு வெளுத்திருச்சு – ஏலேலோ
கெழங்கான் வலையிலடா – ஏலேலோ
வெளக்கு வடக்கிருக்க – ஏலேலோ
வீடு தெரியுதடா – ஏலேலோ

முதல் பக்கத்துக்கு இப்படி இருபது வரி. கெழங்கான் ஒரு மீன், விளக்கு என்றால் எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கு, அது எனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் அவர் எழுந்து, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். நான் தாளைப் பாடகர் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் மெதுவாக மெட்டை முனகிப் பார்க்க ஆரம்பித்தார். இனிமையான குரல்.

அப்போதுதான் வெளியே முற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்டூடியோவுக்குப் பியானோ ஒன்று லாரியில் வந்திருக்கிறது. சாய்த்து வைத்த பலகையில் பெட்டியை இறக்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டது. நாலு பேர் கயிற்றைப் பிடித்து ஆளுக்கொரு நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முகம் கழுவப் போனவருக்கு அந்த இழுப்பைச் சகிக்கமுடியவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்து, அம்பா எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்த நாலு பேரும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஏலேலோ என்றார்கள். பெட்டி பலகையில் நகர்ந்தது. தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். கண்ணாடி அறையிலிருந்த இன்ஜினியர் பாதி சிகரெட்டோடு முற்றத்துக்கு வந்து வாயைப் பிளந்து நின்றார்.

எனக்கு அப்போது உறைத்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் கை மேசைக்கு அடியில் என்ன செய்கிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவேன். இந்த மனிதரின் கைக்கு எதிரே ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன், அதை நான் பார்க்கவில்லை. கரையில் வலைக்கயிறு, கொட்டகையில் நூல், கல்யாணங்களில் பந்தல் கயிற்றையாவது பிடித்துக்கொண்டுதான் பாடியிருக்கிறார். கையில் பாரம் இல்லாமல் அவர் ஒரு நாளும் பாடினதில்லை. நாங்கள் மூன்று படித்த முட்டாள்கள் அவரை வெறுங்கையோடு நிறுத்திவிட்டு, குரல் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தோம். இன்ஜினியர் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கயிற்றை உள்ளே கொண்டுவாருங்கள் என்றார்.

ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அம்பாக்காரர் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கம்பி செத்த பாரம், கடல் அப்படி இருக்காது, விட்டுக்கொடுத்து இழுக்கவேண்டும், மறுமுனையில் ஆள் வேண்டும் என்றார். சித்தப்பாவுக்கும் நானாவுக்கும் எனக்கும் கையில் வாத்தியம். யார் பிடிப்பது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில், பாடகர் ஐயா என் தாளை மடித்து ஜிப்பாப் பையில் போட்டுவிட்டு எழுந்தார். செருப்பைக் கழற்றினார். தங்கப் பொத்தான் வைத்த ஜிப்பாக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். அம்பாக்காரரின் இழுப்புக்கு அவர் மட்டும் போதவில்லை. டீ கொண்டுவருகிற பெரியவரையும் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தினார்கள். அவர் தோளில் துண்டோடு, என்ன ஏது என்று கேட்காமலே வந்து பிடித்தார்.

சிவப்பு விளக்கு. அன், தெ, த்ருவா. கயிறு முறுக்கேறினதும் அம்பாக்காரரின் கழுத்து நரம்பு எழுந்தது. குரல் வந்தது. அந்த அறையின் கனத்த திரைகளால் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை. பாடகர் ஐயா சுத்தமான சுருதியில் ஏலேலோ என்றார், டீக்காரர் ஒரு கட்டை இறக்கி ஏலேலோ என்றார், இருவரும் ஜமுக்காளத்தில் அங்குலம் அங்குலமாக மைக்கை நோக்கி இழுபட்டு வந்தார்கள். பக்கம் முடியும்போது நான் அழுதுகொண்டே வாசித்தேன். மாலைக்குள் நான்கு பக்கமும் முடிந்தது. எதையும் இரண்டாம் தடவை எடுக்கவில்லை. பாடகர் ஐயாவின் உள்ளங்கை தோலுரிந்து போயிருந்தது. அதை அவர் எல்லாரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினார், குழந்தை மாதிரி.

அட்டையில் போட மேனேஜர் பெயர் கேட்டபோது, அன்று காலையிலிருந்து தனக்கென்று எதுவும் கேட்காத அம்பாக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலைக்கயிற்றில் கைவைத்தவனுக்கு மீனில் பங்கு. வழிப்போக்கன் ஆனாலும், இழுத்தால் பங்கு. அதைச் சொல்லி, கயிறு பிடித்த இருவர் பெயரும் வரவேண்டும், இல்லாவிட்டால் தன் பெயரும் வேண்டாம் என்றார். என்ன வாத்தியம் என்று போடுவது என்று மேனேஜர் தலையைச் சொறிந்தார். கயிறு என்று போடுங்க என்றார் நானா.

தட்டு வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் என்னை ஒரே நினைப்புதான் அரித்தது. பியானோ மட்டும் அந்த நேரத்தில் வராமலிருந்தால், என் கையெழுத்தில் இருந்த தாளை வைத்து வேறொருவர் பாடியிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்திருப்பேன். அதற்கு நான் தயாராக இருந்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் கூனிக்குறுகினேன்.

முதல் தட்டைக் காரைக்கால்மேட்டில்தான் போடவேண்டும் என்பதில் சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். நானா கடையிலிருந்து கிராமபோனைக் கொண்டுவந்தார். மாலை ஏலம் முடிந்த நேரம். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் பெட்டியை வைத்துச் சாவி கொடுத்தார். ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. குரல் எழுந்ததும் சின்னப் பிள்ளைகள் பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடினார்கள். பாடகர் ஐயாவின் ஏலேலோ வந்தபோது, எவன்டா இவன் சங்கீதமா பதில் சொல்றான் என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்து உருண்டது. அம்பாக்காரர் சிரிக்கவில்லை. அந்த ஐயா நல்லா இழுத்தாரு என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆறு பக்கமும் போட்டோம். மறுபடியும் ஆறு பக்கமும் போட்டோம். சித்தப்பா போலீஸ் பேண்டில் நிற்பது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தக் கரையில் எங்களைவிடப் பெருமைப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்கமுடியாது.

கூட்டம் கலைகிற நேரத்தில் நான் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தாளை யாரும் என்னை வற்புறுத்தி எழுதவைக்கவில்லை, என் பெயர் வரவேண்டும் என்ற ஆசையில்தான் உங்கள் பாட்டை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தேன், மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் வழக்கம் போலத் தரையைப் பார்த்தார். கால் விரலால் மணலைக் கிளறினார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க சரியாத்தான் எழுதுனீங்க, டீச்சரம்மா. நான்தான் சரியாச் சொல்லல."

எனக்கு விளங்கவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"வெளக்கு வடக்கிருக்கன்னு சொன்னேன்ல? அப்புடி வந்தா வீடு எங்க தெரியும், நாகூரு மினாராதான் தெரியும். அவரு பாடித் தட்டு வந்திருந்தா, நம்ம கரையில கேக்குற சின்னப்புள்ளகூட சொல்லியிருக்கும், இது நம்மாளு இல்லன்னு."

திரும்பிப் பார்த்தேன். மணல்வெளிக்கு அப்பால், ஆற்றுமுகத்துப் பக்கம், கலங்கரை விளக்கு அப்போதுதான் ஏற்றப்பட்டிருந்தது. தெற்கே. இருபத்துநாலு வருஷம் அந்த ஊரில் இருந்தவள், அது எந்தத் திசையில் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். யார் பாடினால் என்ன என்று அத்தனை சாதுவாகச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் குந்தி, வரிக்கு வரி சரிதான் சரிதான் என்று தலையாட்டிக்கொண்டே, தன் பாட்டை அவர் யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைத்தேன். சொன்னவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி, எழுதின டீச்சர் ஒரு பிழையும் இல்லாமல் எழுதி ஏமாந்தது அந்த ஒரு தடவைதான். அந்த மனிதரின் முதல் தட்டில் ஆர்மோனியம் வாசித்தது நான்.